உள்ளூர் டைரக்டருக்கு உலகப் பாடம்: நெல்லைச் சீமையில் புதிதாகப் பொறுப்பேற்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தூத்துக்குடியில் தலைமுறை தலைமுறையாக உப்பளம் நடத்திய குடும்பம் இப்போது பிரைவேட் லிமிடெட். சேரன்மகாதேவிப் பக்கம் வாழை விவசாயிகள் சேர்ந்து உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்திருக்கிறார்கள். கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு சின்ன உதிரிபாகத் தொழிற்சாலை. அப்பா, மகன், மருமகள் மூன்று பேரும் டைரக்டர்கள். இப்படிப் பொறுப்புக்கு வந்தவர்களில் பலருக்கு, டைரக்டர் என்றால் ஆடிட்டர் விரல் வைக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். "நான் பேருக்குத்தான் டைரக்டர்" என்று சொல்லவும் கூச்சப்பட மாட்டார்கள்.

பேருக்கு டைரக்டர் என்று ஒருவரைச் சட்டத்துக்குத் தெரியாது. 2013-ம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 166-வது பிரிவு எல்லா டைரக்டருக்கும் ஒரே கடமையைத்தான் விதிக்கிறது: உரிய கவனத்தோடும் திறமையோடும் நடக்க வேண்டும், முடிவைத் தன் சொந்த அறிவால் எடுக்க வேண்டும். மீறினால் 1 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று அதே பிரிவு சொல்கிறது.

அந்தக் கவனமும் திறமையும் சொல்லிக்கொடுத்து வருகிற விஷயங்கள்தான். பல நாடுகளில் அதற்கென்றே டைரக்டர்களின் அமைப்புகள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று கைகோத்து, பாடத்தையும் அனுபவத்தையும் பரிமாறிக்கொள்கின்றன. பாளையங்கோட்டையில் உட்கார்ந்துகொண்டே அந்த வட்டத்துக்குள் போகலாம். ஆனால் எதை முதலில் செய்வது, எதை அப்புறம் செய்வது என்ற வரிசை முக்கியம். நேரே லண்டன் சான்றிதழில் ஆரம்பிக்கிறவர்கள் பெரும்பாலும் பணத்தைத்தான் கரைக்கிறார்கள்.

முதலில் உள்ளூர்க் கணக்கு

உங்கள் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இப்போது எங்கே இருக்கிறது? பென் டிரைவ் மாதிரி இருக்கும். நம் ஊரில் அநேகமாக ஆடிட்டர் ஆபீஸ் மேசை டிராயரில், உங்கள் பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டி, இன்னும் இருபது முப்பது டோக்கன்களோடு ஒரு டப்பாவில் கிடக்கும். பாஸ்வேர்டும் அந்த ஸ்டிக்கரிலேயே இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஆடிட்டர் நல்லவர்தான், சந்தேகமில்லை. ஆனால் அந்த டோக்கனால் போடப்படும் ஒவ்வொரு கையெழுத்தும் உங்களுடையது. உலகத்தில் எந்த டைரக்டர் பயிற்சிக்குப் போவதற்கும் முன்னால் அதை வாங்கி வீட்டில் வையுங்கள்.

அடுத்து, கம்பெனியின் ஆர்ட்டிகிள்ஸ் (உள்விதிகள்), கடைசி மூன்று வருட பேலன்ஸ் ஷீட், மினிட்ஸ் புத்தகம் (கூட்டக் குறிப்பேடு), வங்கியில் நீங்கள் கொடுத்திருக்கும் சொந்த ஜாமீன் பத்திரங்கள் எல்லாவற்றின் நகலையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். படித்தால் புரியாத இடம் வரும். அந்த இடங்களைக் குறித்து வையுங்கள். பின்னால் எந்தப் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தக் குறிப்புதான் சொல்லும்.

கூட்டக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொதுவாக வருடத்துக்குக் குறைந்தது நான்கு போர்டு மீட்டிங், இரண்டுக்கும் நடுவே 120 நாளுக்கு மேல் போகக் கூடாது. சின்னக் கம்பெனிகளுக்குச் சலுகை உண்டு: அரையாண்டுக்கு ஒன்று, நடுவில் குறைந்தது 90 நாள் இடைவெளி. வளைகுடாவில் வேலை பார்த்துக்கொண்டே ஊர்க் கம்பெனியில் டைரக்டராக இருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நிதியாண்டில் 182 நாளாவது இந்தியாவில் தங்கும் டைரக்டர் ஒருவராவது கம்பெனியில் இருக்க வேண்டும். அப்புறம், 12 மாதம் நடந்த எல்லாக் கூட்டத்துக்கும் ஒருவர் வராமல் இருந்தால், அனுமதி வாங்கியிருந்தாலும் பதவி தானாகக் காலியாகிவிடும். வீடியோ வழியாகக் கலந்துகொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

ஃபைலிங்கை யாரோ பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்தவர்களுக்கு 2017 நினைவிருக்கும். தொடர்ந்து மூன்று வருடம் கணக்கோ ஆண்டறிக்கையோ தாக்கல் செய்யாத கம்பெனிகளின் டைரக்டர்கள் 3 லட்சம் பேருக்கு மேல் அந்த வருடம் ஒரே மூச்சில் தகுதியிழந்தார்கள். ஐந்து வருடத்துக்கு வேறு எந்தக் கம்பெனியிலும் டைரக்டராக முடியாது என்பது அந்தத் தகுதியிழப்பின் பொருள். பலருக்குத் தாங்கள் எந்தெந்தக் கம்பெனியில் டைரக்டர் என்பதே அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இந்த உலக வட்டம் எப்படி உருவானது

லண்டனில் இன்ஸ்டிடியூட் ஆஃப் டைரக்டர்ஸ் 1903-ல் தொடங்கியது. 1906-ல் அதற்கு அரச சாசனம் கிடைத்தது. அதே 1906-ல்தான் தூத்துக்குடியில் வ.உ.சி. சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார்: 10 லட்சம் ரூபாய் மூலதனம், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், தலைவராகப் பாண்டித்துரைத் தேவர், உதவிச் செயலாளராக வ.உ.சி. பங்கு, போர்டு, செயலாளர், வெளிநாட்டில் கப்பல் கொள்முதல் எல்லாம் இந்தக் கரையில் அன்றைக்கே நடந்திருக்கின்றன. கம்பெனி நிர்வாகம் நமக்குப் புதுசு என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் வெகுகாலம் ஒவ்வொரு நாடும் தன்பாட்டுக்கு இருந்தது. பெரிய கம்பெனிகள் கவிழ்ந்த பிறகுதான் நாடுகள் ஒன்றையொன்று பார்த்துப் படிக்க ஆரம்பித்தன. 1992-ல் இங்கிலாந்தில் கேட்பரி குழு அறிக்கை, 1994-ல் தென்னாப்பிரிக்காவில் கிங் அறிக்கை, 1999-ல் பொருளாதார ஒத்துழைப்புக்கான பல நாட்டு அமைப்பான ஓஇசிடியின் கம்பெனி நிர்வாகக் கோட்பாடுகள். முதல் இரண்டும் கம்பெனி நிர்வாகத்தைப் பற்றியவைதான். இந்தக் கடைசி ஆவணம் 2004, 2015, 2023 என்று மூன்று முறை திருத்தப்பட்டது. இப்போது ஜி20 நாடுகளும் அதை ஏற்றிருக்கின்றன. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போர்டின் பொறுப்புகளைப் பற்றிய பகுதியை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்தால் போதும், மற்றது பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய கம்பெனிகளுக்கு.

நம் நாட்டுக்கு விழுந்த அடி சத்யம் என்ற ஹைதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி. 2008 டிசம்பர் 16-ம் தேதி, சேர்மனின் குடும்பம் சம்பந்தப்பட்ட மேடாஸ் கம்பெனிகளைச் சுமார் 160 கோடி டாலருக்கு வாங்க அந்த போர்டு சம்மதித்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழ, சில மணி நேரத்தில் முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அடுத்த ஜனவரி 7-ம் தேதி கணக்கு மோசடி வெளியே வந்தது. அந்த போர்டில் பேராசிரியர்களும் முன்னாள் உயரதிகாரியும் இருந்தார்கள். படிப்புக்குக் குறைவில்லை, போதுமான கேள்விதான் வரவில்லை. டைரக்டர் பயிற்சி என்று உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுவதில் பெரும்பகுதி, கூட்டத்தில் எப்போது எப்படி வாயைத் திறப்பது என்பதுதான்.

2012-ல் பல நாட்டு அமைப்புகள் சேர்ந்து டைரக்டர் நிறுவனங்களின் உலக வலைப்பின்னல் ஒன்றை ஏற்படுத்தின. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா அமைப்புகள் எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பிய அமைப்புகளுக்கு எகோடா என்ற கூட்டமைப்பு 2004 முதல் இருக்கிறது. இங்கே ஒரு விஷயம் புதியவர்களுக்குக் குழப்பம் தரும். இந்த உலக வலைப்பின்னலில் தனி ஆள் சேர முடியாது, அமைப்புகள்தான் உறுப்பினர். நீங்கள் ஏதாவது ஒரு நாட்டின் அமைப்பில் சேர்ந்தால் அந்த வழியாக மற்றவற்றின் பாடமும் தொடர்பும் உங்களை வந்தடையும். "உலக டைரக்டர் சங்கத்தில் உங்களை நேரடியாகச் சேர்க்கிறோம்" என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். "இந்த ஆண்டின் சிறந்த தொழிலதிபர் விருதுக்கு நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள், பிரதிநிதிக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்பதற்கும் அதே மரியாதைதான்.

எது கடல் தாண்டி வரும், எது வராது

கார் ஓட்டத் தெரிந்தவர் எந்த நாட்டிலும் ஓட்டலாம். சாலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது அந்தந்த நாட்டுச் சட்டம். டைரக்டர் பயிற்சியும் அப்படித்தான்.

ஆஸ்திரேலிய வகுப்பில், கடனைத் திருப்பித் தர முடியாத நிலையில் கம்பெனியை மேலும் கடன் வாங்க விட்டால் டைரக்டர் சொந்தப் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று அரை நாள் பாடம் எடுப்பார்கள். அது அவர்கள் நாட்டுச் சட்டம். இங்கிலாந்தில் 2006-ம் ஆண்டுச் சட்டத்தின் 171 முதல் 177 வரையான பிரிவுகளை வரிவரியாகப் பார்ப்பார்கள். நம் 166-வது பிரிவோடு சேர்த்துப் படித்தால் சுவையாக இருக்கும், ஆனால் திருநெல்வேலியில் அதை வைத்து ஃபைலிங் செய்ய முடியாது. எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது என்றும் நினைக்க வேண்டாம். டைரக்டருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரே அடையாள எண் என்ற ஏற்பாட்டை இந்தியா 2006-லேயே சட்டமாக்கிவிட்டது. ஆஸ்திரேலியா அதற்கு 2021-ல்தான் வந்தது.

கடல் தாண்டி வருவது பழக்கம். ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன். உங்கள் கம்பெனி ஒரு குடோனை வாடகைக்கு எடுக்கப்போகிறது. குடோன் ஒரு டைரக்டருக்குச் சொந்தமானது. 184-வது பிரிவின்படி அவர் தன் சம்பந்தத்தை போர்டில் சொல்ல வேண்டும். பொதுவான விதிப்படி அந்த விவாதத்தில் அவர் கலந்துகொள்ளக் கூடாது. பிரைவேட் கம்பெனிக்கு 2015-ல் ஒரு விலக்கு கொடுத்தார்கள்: சொல்லிவிட்டால் கலந்துகொள்ளலாம். ஆக, நம் சட்டப்படி அவர் அங்கேயே உட்கார்ந்திருந்தால் தப்பில்லை. ஆனால் சிங்கப்பூரிலோ லண்டனிலோ பயிற்சி வகுப்பில் இதையே நடித்துக் காட்டச் சொல்வார்கள்: குடோன்காரர் எழுந்து வெளியே போகிறார், கதவு சாத்தப்படுகிறது, மற்றவர்கள் வேறு இரண்டு குடோனின் வாடகையை ஒப்பிட்டுப் பேசுகிறார்கள், அவர் போன நேரமும் வந்த நேரமும் மினிட்ஸில் ஏறுகிறது. நாளைக்குத் தம்பி மகன் பங்கு கேட்டு வழக்குப் போட்டால் உங்களைக் காப்பாற்றப்போவது அந்த இரண்டு வரி.

இதை ஒரு குடும்பக் கம்பெனியில் எடுத்துச் சொன்னபோது மூத்தவர் கேட்டார்: "அண்ணாச்சி, எங்க போர்டுல எல்லாருமே சொந்தக்காரவ. எல்லாரும் எந்திரிச்சி வெளிய போய்ட்டா உள்ள ஃபேனா முடிவெடுக்கும்?" நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனிக்குத் தேவை உறவில்லாத ஒரு வெளி டைரக்டர். சட்டம் பிரைவேட் கம்பெனியிடம் அதைக் கேட்கவில்லை என்பதற்காக வைத்துக்கொள்ளக் கூடாது என்று இல்லை. நம்பிக்கையான ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஒருவர் போதும்.

மினிட்ஸ் எழுதுவதும் இதே கதை. கம்பெனிக் கூட்டங்களுக்கென்று இருக்கும் நம் செயலகத் தரநிலைப்படி கூட்டம் முடிந்து 15 நாளுக்குள் வரைவு எல்லா டைரக்டருக்கும் போக வேண்டும், அவர்கள் 7 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம், 30 நாளுக்குள் புத்தகத்தில் ஏற வேண்டும். விதி அருமையாக இருக்கிறது. வருடக் கடைசியில் நான்கு கூட்டத்துக்கும் மொத்தமாக ஒரே பேனாவில் எழுதுவதுதான் நடைமுறை. வெளிநாட்டு வகுப்புக்குப் போய்விட்டு வந்தவர்கள் முதலில் மாற்றுவது இதை என்றால், கட்டிய காசு வீண் போகவில்லை.

எங்கே சேர்வது

டெல்லியில் இருக்கும் இன்ஸ்டிடியூட் ஆஃப் டைரக்டர்ஸ் 1990-ல் தொடங்கியது, லண்டன் அமைப்பு வேறு, இது வேறு. துபாயிலும் லண்டனிலும் மாநாடு நடத்துகிறது. மானேசரில் மத்திய அரசின் கம்பெனி விவகார நிறுவனம், அதாவது ஐஐசிஏ, இருக்கிறது. தனிநிலை டைரக்டர்களுக்கான (கம்பெனியோடு வேறு சம்பந்தம் இல்லாத வெளி டைரக்டர்கள்) தகவல் தொகுப்பை 2019 டிசம்பர் முதல் அதுதான் நடத்துகிறது. அதில் பெயர் பதிந்தவர்கள், விலக்கு இல்லையென்றால், இரண்டு வருடத்துக்குள் ஆன்லைன் தேர்வில் 50 சதவீதம் எடுக்க வேண்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம். உங்களுக்குத் தனிநிலை டைரக்டர் ஆகும் எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பாடங்கள் நல்ல அடித்தளம். வெளிநாட்டுக்குப் போகும் முன் இதை முடிப்பது என் பரிந்துரை.

அதற்கப்புறம் பக்கத்து வீடு. கொழும்பில் இலங்கை இன்ஸ்டிடியூட் ஆஃப் டைரக்டர்ஸ் இருக்கிறது. தூத்துக்குடிக்காரர்களுக்குக் கொழும்பு வியாபாரம் புதுசில்லை. நேர வித்தியாசம் கிடையாது, மதுரையிலிருந்து விமானத்தில் போய் இறங்கலாம், அங்கேயும் பெரும்பாலும் குடும்பக் கம்பெனிகள், அதனால் வகுப்பில் பேசும் பிரச்சினையும் நம் பிரச்சினையாகவே இருக்கும். கடல் உணவோ தேங்காய்நாரோ ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

தென்காசி, கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூரில் தலைமுறைத் தொடர்பு உண்டு. சிங்கப்பூர் இன்ஸ்டிடியூட் ஆஃப் டைரக்டர்ஸ் 1998-ல் தொடங்கியது. அங்கே பட்டியலிடப்பட்ட கம்பெனிக்கு முதல்முறை டைரக்டராகிறவர் பயிற்சி பெற்றே ஆக வேண்டும், மலேசியாவிலும் அப்படித்தான். ஒவ்வொரு சிங்கப்பூர்க் கம்பெனியிலும் அங்கே வசிக்கும் டைரக்டர் ஒருவராவது இருக்க வேண்டும் என்பதால், "சும்மா பேர் மட்டும் குடுங்க" என்று உறவினரைக் கேட்பது அங்கேயும் நடக்கிறது. அப்படிக் கேட்கப்பட்டவர் நீங்கள் என்றால் பயிற்சிக்குப் போன பிறகு பதில் சொல்லுங்கள்.

லண்டனும் சிட்னியும் ஆன்லைனில் கிடைக்கின்றன, ஆனால் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சேருங்கள். லண்டனில் குளிர்காலத்து மாலை 6 மணி வகுப்பு நமக்கு இரவு 11.30. சிட்னியில் காலை 9 மணி என்றால் இங்கே விடிகாலை 4.30, அவர்கள் கோடையில் 3.30. நாள் முழுக்கக் கடையைப் பார்த்துவிட்டு அந்த நேரத்தில் பேலன்ஸ் ஷீட் விவாதத்தில் வாய் திறக்க முடியாது. வாய் திறக்காத வகுப்பால் இந்த விஷயத்தில் பிரயோசனம் இல்லை.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை: வகுப்பில் எத்தனை பேர், பாடம் எடுப்பவர்கள் நிஜமாக போர்டில் உட்கார்ந்தவர்களா, பயிற்சிக்காக போர்டு கூட்டம் மாதிரி நடத்திக் காட்டுகிறார்களா, தேர்வு உண்டா, வேறு நாட்டு அமைப்பின் நிகழ்ச்சிகளுக்கு உறுப்பினர் விலையில் போகலாமா. பழைய மாணவர் ஒருவரின் தொடர்பைக் கேளுங்கள். தயங்கினால் வேறு இடம் பாருங்கள். வகுப்பு எல்லாம் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலம் தடுமாறும் என்று பயப்படுகிறவர்கள் ஒரு நாள் அறிமுக வகுப்பில் முதலில் உட்கார்ந்து பார்க்கலாம்.

கட்டணம் கம்பெனி கணக்கிலா சொந்தக் கணக்கிலா என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். கம்பெனி கட்டினால் போர்டில் தீர்மானம் இருக்கட்டும், எந்தத் தேவைக்கு யார் போகிறார் என்பதோடு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கி வருமான வரிப் படிவங்கள் கேட்கும். இன்றைக்கு நடப்பில் இருக்கும் விதியை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கடைசி நாளில் ஓடாதீர்கள்.

உற்பத்தியாளர் கம்பெனி டைரக்டர்களுக்குத் தனியாக

மேலே சொன்னதில் பாதி இவர்களுக்குப் பொருந்தாது. உற்பத்தியாளர் கம்பெனியில் 5 முதல் 15 டைரக்டர்கள் இருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டமாவது நடக்க வேண்டும். டைரக்டர்கள் பெரும்பாலும் விவசாயிகள், பாதிப் பேர் கூட்டத்துக்கு வயலிலிருந்து நேரே வருகிறவர்கள். இவர்களை லண்டன் பாடத்துக்கு அனுப்புவதில் அர்த்தமில்லை.

ஆனால் இவர்களுக்கும் ஓர் உலகக் குடும்பம் உண்டு. சர்வதேசக் கூட்டுறவுக் கூட்டணி 1895-ல் தொடங்கியது. 1995-ல் அது வகுத்த ஏழு கோட்பாடுகளில் ஐந்தாவது கல்வியும் பயிற்சியும், ஆறாவது கூட்டுறவு அமைப்புகள் ஒன்றுக்கொன்று உதவுவது. ஆசிய பசிபிக் அலுவலகம் டெல்லியிலேயே இருக்கிறது. உறுப்பினர்களுக்குக் கல்வி தர ஏற்பாடு செய்ய வேண்டும் என்று நம் சட்டமே உற்பத்தியாளர் கம்பெனிகளுக்குச் சொல்கிறது. ஆகவே பயிற்சிச் செலவை யாரும் வீண் என்று சொல்ல முடியாது. நபார்டு (ஊரக வளர்ச்சி வங்கி) அதிகாரி அடுத்த முறை வரும்போது, உரத்துக்கும் வண்டிக்கும் மனு கொடுப்பதோடு, போர்டுக்கு என்ன பயிற்சி, வேறு மாநில, வேறு நாட்டுக் கூட்டுறவு அமைப்புகளைப் பார்த்துவர என்ன வழி என்று எழுத்தில் கேளுங்கள். கேட்கிற போர்டுக்குத்தான் கதவு திறக்கிறது.

பார்த்துவரப் போனால் சேர்மன் மட்டும் போகக் கூடாது. கணக்கு பார்க்கும் டைரக்டர் ஒருவர், பெண் டைரக்டர் ஒருவர் கட்டாயம் போகட்டும். அங்கே ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள், அதைவிட அவர்கள் போர்டு கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். விலை நிர்ணயத்தில் சண்டை வந்தால் சேர்மன் எப்படிச் சமாளிக்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது.

திரும்பி வந்த பிறகு

வகுப்பில் பழகிய வெளிநாட்டு நண்பர்களில் ஒருவரையாவது விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போனில் பேசி, ஒருவர் அஜெண்டாவை ஒருவர் பார்த்துக் கருத்துச் சொல்லலாம். கம்பெனி ரகசியத்தை மட்டும் மறைத்துவிடுங்கள். அவர் உங்கள் வாடிக்கையாளருக்கோ போட்டியாளருக்கோ சொந்தக்காரராக இருக்கலாம். உள்ளூரிலும் ஐந்தாறு டைரக்டர்கள் சேர்ந்து மாதம் ஒரு சனிக்கிழமை உட்காரலாம். வண்ணாரப்பேட்டையில் ஏதாவது ஒரு ஓட்டல் மாடி கிடைக்கும். ஒருவர் ஒரு சிக்கலைச் சொல்ல, மற்றவர்கள் கேள்வி மட்டும் கேட்பது என்று வையுங்கள். அறிவுரை சொல்ல ஆரம்பித்தால் அது கல்யாண வீட்டுப் பேச்சாகப் போய்விடும்.

சான்றிதழை ஃப்ரேம் போட்டு மாட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. விசிட்டிங் கார்டில் பெயருக்குப் பின்னால் எழுத்துகள் போடும் முன் மட்டும் விதியைப் படியுங்கள். சில அமைப்புகளில் வருடச் சந்தா கட்டி, தொடர்ந்து படித்ததற்கான மணிக்கணக்கையும் காட்டினால்தான் அந்த எழுத்துகளைப் போட உரிமை. சந்தா நின்ற வருடம் கார்டையும் மாற்ற வேண்டியிருக்கும், அதனால் ஆயிரம் கார்டாக அடிக்காமல் நூறாக அடித்துக்கொள்ளுங்கள்.